மன்னா என்றால் ‘இது என்ன?’ என்பதுதானா?

கேள்வி: எங்கள் சபையில் 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். அடுத்த மாதப் பாடம் யாத்திராகமம் 16: வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த உணவாகிய மன்னா. ‘மன்னா’ என்றால் ‘இது என்ன?’ என்று அர்த்தம் என ஒரு பாடநூலில் இருக்கிறது. ‘ஈவு’ என்று இன்னொன்றில். அது தமிழ்ச் சொல்தான், ‘மன்னன்’ என்பதோடு சேர்ந்தது என்கிறார் சபைப் பெரியவர் ஒருவர். போதாததற்கு, மன்னா என்பது சீனாயில் ஒரு மரத்துப் பிசின்தான் என்று காணொளியில் பார்த்த பையன் வகுப்பிலேயே எழுந்து கேட்டுவிட்டான். எதைச் சொல்வது? இணையத்தில் ‘மன்னா’ விற்கிறார்கள். வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? பாடத்தைக் கண்ணால் காட்ட வேறு வழி உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு பாடநூல்களும் பிழை இல்லை. ஆனால் இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. ‘இந்தப் பெயர் ஏன் வந்தது என்று வேதம் சொல்கிறது?’ என்பது ஒன்று. ‘அந்தச் சொல்லின் வேர் என்ன?’ என்பது மற்றொன்று. இவற்றைக் கலந்துவிடுவதால்தான் குழப்பம். முதல் கேள்வியில் உறுதியாக நில்லுங்கள், இரண்டாவதில் அடக்கமாகப் பேசுங்கள். பாடம் தெளிவாகிவிடும்.

முதலில் வசனத்துக்கு வருவோம். 16:15-ஐத் தமிழில் இப்படி வாசிக்கிறோம்: ‘இஸ்ரவேல் புத்திரர் அதைக் கண்டு, அது இன்னதென்று அறியாதிருந்து, ஒருவரையொருவர் பார்த்து, இது என்ன என்றார்கள்.’ எபிரெயத்தில் இந்த இடத்தில் ஓர் ஒலி விளையாட்டு இருக்கிறது. ஜனங்கள் சொன்னது ‘மான் ஹூ’. உடனே வரும் விளக்கம், ‘ஏனென்றால் அது மா ஹூ என்று அவர்கள் அறியவில்லை’. ஹூ என்றால் ‘அது’. மா என்பதுதான் எபிரெயத்தில் ‘என்ன’ என்பதற்கான வழக்கமான சொல். அப்படியானால் ‘மான்’? எபிரெயத்தில் வேறெங்கும் ‘என்ன’ என்ற பொருளில் அது வருவதில்லை. மான் ஹூ, மா ஹூ என்று இரண்டையும் ஒரே வசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் ஒலியில் மற்றதைக் கேட்க வைக்கிறார் ஆசிரியர். 31-ஆம் வசனத்தில் பெயரிடும்போது, ‘இஸ்ரவேல் வம்சத்தார் அதற்கு மான் என்று பேரிட்டார்கள்’ என்றே எபிரெயம் சொல்கிறது.

கரும்பலகையில் ‘மான் ஹூ’ என்று எழுதி, அதன் கீழே ‘மா ஹூ’ என்று எழுதிப் பிள்ளைகளைச் சத்தமாக இரண்டு முறை சொல்லச் சொல்லுங்கள். புள்ளிமான் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், மறக்க மாட்டார்கள்.

வேதத்தில் இப்படிப் பெயர் விளக்கங்கள் பல உண்டு. பாபேல் என்ற பெயருக்கு ஆதியாகமம் 11:9 கொடுக்கும் காரணம், கர்த்தர் பாஷையைத் தாறுமாறாக்கினார் என்பது. எபிரெயத்தில் ‘பாலல்’ என்றால் கலக்குவது. பாபிலோனியர் தங்கள் ஊர்ப் பெயரைக் ‘கடவுளின் வாசல்’ என்றே புரிந்துகொண்டார்கள். இங்கே எது பொய், எது மெய் என்று சண்டை போட வேண்டியதில்லை. வேத ஆசிரியர் அகராதி எழுத உட்காரவில்லை. பெயரின் ஒலியில் நடந்த சம்பவத்தைக் கேட்கச் செய்கிறார். மன்னாவிலும் அதுவேதான்.

இனி வேர். மூன்று கருத்துகள் முக்கியமானவை. ‘மான்’ என்பது ‘என்ன’ என்பதன் பழைய அல்லது அண்டை மொழி வடிவம் என்பது முதலாவது. அரமேயக் குடும்பத்தைச் சேர்ந்த சிரியாக்கில் ‘என்ன’ என்பதற்கு ‘மானா’ என்ற சொல் இருக்கிறது. ஆனால் நமக்குக் கிடைக்கும் சிரியாக் நூல்கள் யாத்திராகமத்துக்கு மிகவும் பிந்தியவை என்பதை மறக்கக்கூடாது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்தும் இந்த வசனத்தைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பும், ‘மான் என்பது எங்கள் மொழியில் இது என்ன என்று கேட்கும் சொல்’ என்று எழுதினார். உங்கள் முதல் பாடநூல் இந்த வரிசையில் வருகிறது.

இரண்டாவது கருத்து ‘பங்கு, ஈவு, ஏற்பாடு’ என்பது. பிரான்ஸின் துருவா நகரில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி (1040–1105), மான் ஹூ என்பதற்கு ‘ஆயத்தம் செய்யப்பட்ட உணவு இது’ என்று பொருள் கண்டார். அதற்கு அவர் காட்டிய சான்று தானியேல் 1:5: ராஜா தன் போஜனத்திலிருந்து தினந்தோறும் நியமித்தான் என்னும் இடம். அதே வினைச்சொல்தான் யோனாவிலும் வருகிறது: ‘ஒரு பெரிய மீனைக் கர்த்தர் ஆயத்தப்படுத்தியிருந்தார்.’ எல்க்கானா அன்னாளுக்குக் கொடுத்த ‘பங்கு’ என்பதும் (1 சாமுவேல் 1:5) அந்த வேரைச் சேர்ந்ததே. ஒவ்வொருவருக்கும் அன்றன்றைக்கு அளந்து நியமித்த உணவு என்பதால் பொருள் அழகாகப் பொருந்துகிறது. ஆனாலும் ‘அது மா ஹூ என்று அறியாததினால்’ என்ற அடுத்த வாக்கியத்தோடு இது சரியாக ஒட்டவில்லை. அதனால் எனக்கு இந்தக் கருத்து இரண்டாம் இடத்தில்தான்.

மூன்றாவது, மான் என்பது பாலைவன மக்கள் ஏற்கெனவே ஓர் இனிப்புப் பொருளுக்கு வைத்திருந்த பெயர் என்பது. அரபியில் ‘மன்’ என்ற சொல் இன்றும் அப்படி வழங்குகிறது. அதற்கு ‘அருட்கொடை’ என்ற பொருளும் உண்டு. உங்கள் பிள்ளைகளின் முஸ்லிம் நண்பர்கள் ‘மன்னு ஸல்வா’ என்று சொல்லக் கேட்டிருப்பார்கள். குர்ஆனில் 2:57, 7:160, 20:80 ஆகிய இடங்களில் அது வருகிறது. ஸல்வா என்பது காடை. யாத்திராகமம் 16:13-இல் காடைக்கு வரும் எபிரெயச் சொல் ‘ஸ்லாவ்’. இரண்டு சொற்களும் உறவுக்காரர்கள் என்பது காதிலேயே தெரியும். இதை வகுப்பில் சொல்வது நல்லது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு பேச ஒரு வாசல் திறக்கும்.

மான் எப்படி ‘மன்னா’ ஆனது? இது கிரேக்கத்தின் வழி வந்த மாற்றம். செப்துவஜிந்து, யாத்திராகமத்தில் ‘மான்’ என்றே எழுதுகிறது. எண்ணாகமத்திலும் பிற இடங்களிலும் ‘மன்னா’ என்கிறது. அரமேயத்தில் பெயர்ச்சொல்லின் கடைசியில் ‘ஆ’ சேர்வது வழக்கம் என்பதால் அந்த ‘ஆ’ அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம். கிரேக்கத்தில் ‘மன்னா’ என்று இன்னொரு சொல்லும் இருந்தது: குந்திரிக்கத்தை உடைத்துக் கையாளும்போது உதிரும் தூளுக்கு அந்தப் பெயர். பழைய கிரேக்க, லத்தீன் மருத்துவ நூல்களில் ‘மன்னா’ என்று கண்டால் எல்லாம் வனாந்தர அப்பம் என்று எடுத்துவிடாதீர்கள். கிரேக்கத்திலிருந்து லத்தீன், அங்கிருந்து ஐரோப்பிய மொழிகள், அவற்றின் வழியே நம் தமிழ் வேதாகமம். அதனால்தான் 31-ஆம் வசனத்தில் எபிரெய ‘மான்’ இருக்கும் இடத்தில் நாம் ‘மன்னா’ என்று வாசிக்கிறோம். தமிழில் 15-ஆம் வசனத்தில் ‘என்ன’ என்றும் 31-இல் ‘மன்னா’ என்றும் தனித்தனியாக நிற்பதால், இரண்டுக்கும் உள்ள ஒலித் தொடர்பு வாசகருக்குத் தெரியாமல் போகிறது. அதை எடுத்துக்காட்டுவதுதான் ஆசிரியையின் வேலை.

பெரியவர் சொன்ன தமிழ்த் தொடர்புக்கு ஆதாரம் இல்லை. மரியாதையாகவே மறுத்துவிடலாம். ‘மன்னா’ என்று அரசனை விளிப்பது ‘மன்னன்’ என்பதன் விளிவடிவம். அதன் அடி ‘மன்னு’, நிலைத்திருத்தல். தொல்காப்பியம் ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருள் சொல்கிறது. இவற்றில் எதுவும் எபிரெயச் சொல்லோடு சேராது. பொருளும் எதிர்த்திசையில் போகிறது: தமிழ் ‘மன்னு’ நிலைப்பதைக் குறிக்கும். வனாந்தர மன்னாவோ மறுநாள் காலைக்கு வைத்தால் பூச்சி பிடித்து நாறியது. ‘என்ன’ என்பதும் ‘மன்னா’ என்பதும் ஒலியில் ஒத்திருப்பதும் தற்செயல்தான். ஒலி ஒத்தால் உறவு என்று முடிவு கட்டக்கூடாது. ஒழுங்கான எழுத்து மாற்றம் பல சொற்களில் திரும்பத் திரும்ப வந்தால்தான் மொழியியலில் உறவு என்று ஏற்பார்கள்.

அடுத்து, வர்ணனை. பாடம் எடுப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ‘கொத்தமல்லி அளவாயும் வெண்மைநிறமாயும் இருந்தது, அதின் ருசி தேனிட்ட பணிகாரத்திற்கு ஒப்பாயிருந்தது’ (16:31). கொத்தமல்லி என்றதும் பிள்ளைகளுக்கு ரசத்தின் மணம் வந்துவிடும். கொத்தமல்லி இங்கே அளவுக்கு மட்டும்தான்: தனியா விதை, 3 முதல் 5 மில்லிமீட்டர். நிறமும் தனியாவின் பழுப்பு இல்லை, வெண்மை. 14-ஆம் வசனத்தில் ‘உருட்சியான’ என்று தமிழில் இருக்கும் எபிரெயச் சொல் வேதம் முழுவதிலும் அங்கே ஒரே ஒரு முறைதான் வருகிறது. செதில் செதிலாக உதிரக்கூடியது என்று இன்று பலர் பொருள் கொள்கிறார்கள். ஆகவே ‘குட்டி உருண்டை’ என்று படம் வரைந்து பூட்டிவிட வேண்டாம். தரையில் உறைபனி படிந்ததுபோல் மெல்லியது என்பதே அந்த வசனத்தின் அழுத்தம்.

எண்ணாகமம் 11:7 அதன் தோற்றத்தைப் ‘பிதோலாகு’க்கு ஒப்பிடுகிறது, தமிழில் ‘முத்துப்போல’. பிதோலாகு என்பது பெரும்பாலும் குக்குலு வகையைச் சேர்ந்த, பாதி ஒளி ஊடுருவும் பிசின். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதைப் ‘பளிங்கு’ என்றார். அந்த அதிகாரத்தில் ருசியும் மாறுகிறது: தேன் போய் எண்ணெய்ப் பலகாரத்தின் ருசி வருகிறது. முரண்பாடு என்று பயப்படத் தேவையில்லை. யாத்திராகமம் பொறுக்கிய பொருளின் ருசியைச் சொல்கிறது. எண்ணாகமம் 11:8 அதை ஏந்திரத்தில் அரைத்து, உரலில் இடித்து, சட்டியில் வேகவைத்து, அப்பமாய்ச் சுட்டதைச் சொல்லிவிட்டு ருசிக்கு வருகிறது. சமைத்த பண்டம் வேறு ருசி தருவது சமையலறையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். அவனை அதட்டி உட்கார வைக்காதீர்கள். அவன் பார்த்தது கற்பனை இல்லை. சீனாய் தீபகற்பத்தில் தமரிஸ்க் என்ற சிறு மரம் வளர்கிறது. ஆபிரகாம் பெயெர்செபாவில் உண்டாக்கியதாக ஆதியாகமம் 21:33 சொல்லும் ‘தோப்பு’, எபிரெயத்தில் இந்த மரத்தின் பெயர்தான். ஆனால் காணொளி சொன்னதுபோல் அது பிசின் இல்லை. கிளையில் குத்தி உட்காரும் பூச்சியின் கழிவு. 1927-இல் சீனாய்க்குச் சென்று இதை ஆராய்ந்தவர் எருசலேம் எபிரெயப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர் போடன்ஹைமர். அவர் கண்ட பூச்சி நம் ஊர் மாவுப்பூச்சியின் இனம்.

நடப்பது இதுதான். மரச் சாற்றில் சர்க்கரை நிறைய, நைட்ரஜன் மிகக் குறைவு. தனக்கு வேண்டிய நைட்ரஜன் கிடைப்பதற்காகப் பூச்சி சாற்றை அளவுக்கு மேல் உறிஞ்சுகிறது. மிஞ்சிய சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது. பாலைவனக் காற்றில் அந்தச் சொட்டு உலர்ந்து வெளுத்த மணியாகிறது. காலைக் குளிரில் கெட்டியாக இருக்கும், வெயில் ஏறினால் இளகும். எறும்புகள் கிளம்பும் முன்பே பெதூயின் என்ற பாலைவன நாடோடி மக்கள் பொறுக்கிவிடுவார்கள். அவர்கள் அதை ‘வானத்து மன்’ என்கிறார்கள். வகுப்புக்கு ஒரு செம்பருத்திக் கிளையோ கொய்யா இலையோ கொண்டு போங்கள், மாவுப்பூச்சி அப்பியதாகப் பார்த்து. கீழ் இலையைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், எறும்பு வரிசை போட்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் அந்தப் பையனுக்குப் புரிந்துவிடும்.

புரிந்த பிறகு இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஒத்துப்போவது: வெண்மை, தேன் ருசி, காலையில் பொறுக்குவது, வெயிலில் உருகுவது, சீனாய் என்ற இடம், பெயரும்கூட. ஒத்துப்போகாதது: தமரிஸ்க் மணி ஜூன், ஜூலையில் சில வாரங்களுக்குத்தான் கிடைக்கும், வேதம் சொல்வது 40 வருஷம். சர்க்கரைக் கட்டியை அரைத்து அப்பம் சுட முடியாது. அடர்ந்த சர்க்கரை தேனைப் போலக் கெடாமல் நிற்கும், ஒரே இரவில் நாறாது. எறும்பு ஏறியதைத்தான் ‘பூச்சி’ என்று சொன்னார்கள் என்பது போடன்ஹைமரின் விளக்கம். நாற்றத்துக்கு அது பதிலாகாது. ஆறாம் நாள் இரட்டிப்பு, ஏழாம் நாள் ஒன்றுமில்லை என்ற ஒழுங்கை எந்தப் பூச்சியும் காக்காது. ஆகவே, வேத ஆசிரியர் அந்த நிலத்தில் மக்கள் அறிந்திருந்த ஒரு பொருளின் சாயலில் பேசியிருக்கலாம், ஆனால் அவர் சொல்லும் நிகழ்ச்சி அந்தப் பொருளுக்குள் அடங்காது. பையனிடம் இப்படியே சொல்லுங்கள். ‘பிசின்தான், விஷயம் முடிந்தது’ என்று சொல்வதும் சரியில்லை. ‘அப்படி ஒன்றுமே கிடையாது’ என்று மறைப்பதும் சரியில்லை.

இணையத்தில் விற்கும் ‘மன்னா’வை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் இத்தாலியின் சிசிலித் தீவில், கஸ்தெல்புவோனோ, பொல்லினா ஊர்களின் பக்கம், ஆஷ் மரப்பட்டையைக் கீறி எடுக்கும் வெள்ளைக் குச்சிகள். அதில் மான்னிட்டால் நிறைந்திருக்கிறது, அது மலமிளக்கி. பதினைந்து பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டால் மதியத்துக்குள் பெற்றோரின் தொலைபேசி அழைப்பு வரும். மூளை வீக்கத்தைக் குறைக்க மருத்துவமனையில் இரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மான்னிட்டாலும் இதே பொருள்தான். 1806-இல் புரூஸ்ட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இந்த மன்னாவிலிருந்து பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். நாட்டு மருந்துக் கடை மூங்கிலுப்பையும் ஆங்கிலத்தில் மூங்கில் மன்னா என்பார்கள். அது பெரும்பாலும் சிலிக்கா, இனிப்பே கிடையாது. பெயர் மட்டும்தான் கடன்.

பதிலாக இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, ஓமர் அளவு. தலைக்கு ஒரு ஓமர், அது எப்பாவில் பத்தில் ஒரு பங்கு (16:16, 36). இன்றைய கணக்கில் ஏறத்தாழ 2.2 லிட்டர். இரண்டு ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரையும் ஒரு 200 மில்லி டம்ளரையும் ஒரு பாத்திரத்தில் ஊற்றி மட்டத்தைக் குறியுங்கள். கொட்டிவிட்டு, அதே குறி வரை பொரியை நிரப்புங்கள். ‘ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு. உங்கள் வீட்டில் எத்தனை பேர்?’ என்று கேளுங்கள். மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை என்ற 18-ஆம் வசனம் அப்போதுதான் மனதில் பதியும்.

இன்னொன்று, தேனிட்ட பணிகாரம். 250 கிராம் மைதாவில் ஒரு சிட்டிகை உப்பு, 3 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டுப் பிசறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்துச் சப்பாத்தி மாவை விடக் கெட்டியாகப் பிசையுங்கள். 20 நிமிடம் மூடி வைத்து, அப்பளம்போல் மெல்லிசாகத் தேய்த்து, சிறு துண்டுகளாக வெட்டி, தோசைக்கல்லில் சிறு தீயில் இருபுறமும் மொறுமொறுப்பாகும் வரை சுடுங்கள். தேனை மாவில் கலக்காதீர்கள்; கல்லில் பட்டதும் கருகிக் கசக்கும். சுட்டு எடுத்த சூட்டில் மேலே லேசாகத் தடவினால் போதும். தடித்துத் தேய்த்தால் ரப்பர்போல் இழுக்கும். பக்கத்தில் ஒரு தட்டில் தனியாவை வையுங்கள், ‘அளவு இது, ருசி அது’ என்று விரல் நீட்டிக் காட்ட. கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கிறதா என்று முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னும் ஒரு சிறு குறிப்பு, மேல்வகுப்புப் பிள்ளைகள் கேட்கக்கூடியது. மன்னா வைத்த ‘பொற்பாத்திரம்’ எபிரெயர் 9:4-இல் வருகிறது. யாத்திராகமம் 16:33-இன் எபிரெயத்தில் ‘பொன்’ இல்லை, வெறும் பாத்திரம்தான். பொன் என்பது செப்துவஜிந்தில் சேர்ந்தது. எபிரெயர் நிருபம் அந்த வழியைப் பின்பற்றுகிறது. சங்கீதம் 78:25-இன் ‘தூதர்களின் அப்பம்’ என்பதும் அப்படித்தான்: எபிரெயத்தில் அது ‘வல்லவர்களின் அப்பம்’.

பிள்ளைகள் யாராவது, ‘நாற்பது வருஷம் சாப்பிட்டவர்கள் அது என்னவென்று கண்டுபிடிக்கவே இல்லையா?’ என்று கேட்பார்கள். இந்த வயதில் நிச்சயம் கேட்பார்கள். உபாகமம் 8:3-ஐத் திறந்து, அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். பயணத்தின் கடைசியில், யோர்தானுக்கு இக்கரையில் நின்று மோசே பேசுகிறார். அப்போதும் அவர் சொல்வது, ‘நீயும் உன் பிதாக்களும் அறியாதிருந்த மன்னா’ என்றுதான்.